உப்பின் மேல் போட்ட பழி

எங்கள் ஓய்வூதியர் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று முருகேசன் மூன்று முறை கேட்டுவிட்டான். மண்டபம் என்ற கடற்கரை ஊருக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த சிறிய தொலைபேசி நிலையத்தில் எனக்குக் கீழே சேர்ந்தவன். இப்போது அங்கே அவன்தான் பொறுப்பு. "அக்கா, அந்தப் புயலன்னைக்கு இடுப்பளவு தண்ணியில நின்னு லைன் எடுத்தீங்கள்ல, அத எழுதுங்க. புதுசா வார பிள்ளைக படிக்கட்டும்" என்றான்.

அந்தக் கதையை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்லத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. அதை இனி நான் எழுதுவதாக இல்லை.

எழுத வேண்டியது வேறு. அது விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு என் வீட்டிலேயே நடந்தது. என் மகள் உட்கார்ந்திருந்த மேசைக்கு அடியில் நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் வேலையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறை நான் முதலில் கற்றுக்கொண்டது அங்கேதான்.

டிப்ளமா முடித்த கையோடு வேலை கிடைத்தது. பயிற்சி மதுரையில். அதில் நினைவிருப்பது விடுதிச் சாம்பாரும், கம்பிகளைப் பற்றவைக்கப் பழகும்போது சுட்டுக்கொண்ட விரல்களும்தான். எங்கள் தெருவில் ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். ஒரு பெண் ஸ்பானரும் மீட்டரும் தூக்கிக்கொண்டு அரசாங்க வேலைக்குப் போனது அப்போது புதிது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது ஓய்வு வாங்கும்போது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

எங்கள் கரையில் எது கெட்டாலும் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான். மின்விசிறி நின்றால் உப்பு, சைக்கிள் செயின் அறுந்தால் உப்பு, ஃபிரிட்ஜின் அடிப்பாகம் உதிர்ந்தால் உப்பு. பெரும்பாலும் அது உண்மையும்கூட. செம்புக் கம்பி முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்துவிடும். துடைத்து இறுக்கினால் தொலைபேசி பேசும். பத்துப் பழுதில் ஏழு இப்படித்தான் தீரும். அதனால் மீதி மூன்றுக்கும் அதையே எழுதிவிடும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

என் அதிகாரி நாகரத்தினம் சாரிடம் மட்டும் அது நடக்காது. குள்ளமான மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நேற்றுச் சேர்ந்தவரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். பழைய வேட்டியை உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, துவைத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். முனைகளைத் துடைக்க அந்தத் துணிதான். துடைத்த துணியைப் பழுதுச் சீட்டோடு குத்திக் கொடுக்க வேண்டும். சீட்டில் மூன்று கட்டங்கள்: நேரம், கை வைத்த இடம், காரணம். கை வைப்பதற்கு முன்னால் எழுது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் சோதித்துப் பார், பிறகு அடுத்தது. இதுதான் அவர் முறை.

"காரணம் என்னம்மா?"

"உப்பு சார்."

"துணி?"

"தூக்கிப் போட்டுட்டேன் சார்."

"அப்ப உப்புன்னு எழுதாதீங்க. தெரியலன்னு எழுதுங்க. தெரியலன்னு எழுதுனா இங்கன யாருக்கும் சம்பளம் பிடிக்கிறதில்ல." சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில், "உப்பு மேல பழி போடுறது சுலபம். அது வந்து நான் இல்லன்னு சொல்லாது" என்பார்.

அகதிகள் முகாமுக்கு வெளியே ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. முகாமில் இருந்த ஒரு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை மாலைகளில் வெளிநாட்டிலிருந்து அவள் கணவன் கூப்பிடுவான். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு வெள்ளிக்கிழமை அந்த லைன் செத்துக் கிடந்தது. முதல் முறை நான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. நிலையத்தில் இருந்தபடி சோதித்தேன். இடையில் தானாக உயிர் வந்திருந்தது. 'உப்பு, துடைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டேன். வேறு ஒரு சுத்தமில்லாத துணியையும் குத்திவைத்தேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை அவள் நிலையத்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

"லைன் வந்திட்டுதோ அக்கா?"

அன்று நாகரத்தினம் சார் என்னை அழைத்துக்கொண்டு கம்பிச் சட்டத்தின் முன்னால் நின்றார். ஊரிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் இரும்புச் சட்டம் அது. முதல் வெள்ளிக்கிழமைக்கு முன்பே நான் வேறொருவருக்குப் புது இணைப்பு கொடுத்தபோது, அந்தப் பொதுத் தொலைபேசியின் பயன்படாத பழைய கம்பியை எடுக்காமல் அதே இடத்தில் புதியதையும் செருகியிருந்தேன். ஒரே இடத்துக்கு இரண்டு கம்பிகள். ஒரு நேரம் இது பேசும், ஒரு நேரம் அது. இரண்டும் சரியாகப் பேசாது. அவர் விரலால் தொட்டுக் காட்டினார். என்னைப் பார்க்கவில்லை. சீட்டை வாங்கி அவரே எழுதினார்: 'பழைய கம்பி அகற்றப்படவில்லை. நம் தவறு.'

'நம்' என்றுதான் எழுதினார். பிறகு, "சீட்டு ஆபீசுக்கு. அந்தப் பிள்ளைக்கு யாரு சொல்றது? நீங்களே போயிச் சொல்லிட்டு வாங்க" என்றார்.

போனேன். அவள் முகாம் வாசலில் குடத்தோடு நின்றாள். "கேபிள்ல உப்பு ஏறியிருந்துச்சும்மா, இப்ப சரியாப் போச்சு" என்றேன்.

"உப்புக்கு நாங்கள் என்ன செய்யிறது அக்கா" என்று சிரித்தாள்.

திரும்பி வந்து, அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டதாகச் சாரிடம் சொன்னேன். அவர் நம்பினார். அவர் இறக்கும்வரை அது அவருக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

இனி வீட்டுக் கதை.

என் மகள் ஜெனி, கடல் உயிரியலில் பட்டம் முடித்தவள். அவள் அப்பா நாட்டுப்படகில் போகிறவர். வலையில் வரும் விலைபோகாத உயிர்களை எல்லாம் படம் பிடித்து, பெயர் கண்டுபிடித்து எழுதிவைப்பாள். வெளி மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் முதுகலை படிக்க ஆசைப்பட்டு, வேலைக்கும் போகாமல் ஒரு வருடம் படித்தாள். நுழைவுத்தேர்வு வீட்டிலிருந்தே கணினியில் எழுத வேண்டும். கேமரா ஓடும். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. இணைப்பு அடிக்கடி விழக்கூடாது.

எங்கள் கணினி உள்ளறையில், இணையம் வருவது கூடத்தில். கணினிக்கு வைஃபை கிடையாது என்பதால், யுஎஸ்பியில் செருகும் விரல்நுனி அளவு அடாப்டர் ஒன்று வாங்கிப் போட்டிருந்தோம். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு அது விட்டுவிட்டு அறுந்தது. நான் கழற்றிப் பார்த்தேன். உப்பு என்று முடிவு செய்தேன். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தேன், வேறு துளையில் செருகினேன். சில நாள் ஓடியது. மறுபடி அறுந்தது. ராமநாதபுரம் போய் வேறு அடாப்டர் வாங்கி வந்து, அதோடு வந்த குறுந்தட்டைப் போட்டு அதன் டிரைவரை ஏற்றினேன். டிரைவர் என்பது, செருகிய பொருளை எப்படி இயக்குவது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறு நிரல். பழைய அடாப்டரின் டிரைவரை நான் நீக்கவில்லை. நீக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பழையதும் கைவசம் இருக்கட்டும் என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகினேன். வேலையில் ஒரு திருகைத் தொட்டாலும் எழுதிவைத்த நான், வீட்டில் எதைத் தொட்டேன் என்று ஒரு வரி எழுதவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் ஒத்திகைத் தேர்வில் இரண்டு முறை அறுந்தது. அன்று மாலைக்குள் வேறு கணினியைப் பதிவு செய்துகொள்ளலாம்.

"அம்மா, நான் ராமநாதபுரத்துல கூடப் படிச்ச நிவேதா வீட்டுக்குப் போயி எழுதிர்றேன். அவுங்க வீட்டுல ஒண்ணும் பிரச்சினையில்ல."

"எதுக்குடி? நான் வீட்டுல இருக்கும்போது அடுத்தவுங்க வீட்டுல போயி உக்காருவியா?"

"இல்லன்னா என் போனக் கேபிள்ல மாட்டி நெட் எடுத்துக்கிறேன்."

"ஊருக்கே லைன் குடுத்தவ நான். எனக்கு என் வீட்டு லைன் தெரியாதா? உப்பும்மா இது. காலையில துடைச்சு வச்சா ரெண்டு மணி நேரம் நிக்கும்."

பரணில் பத்து மீட்டர் கேபிள் சுருள் கிடந்தது. கூடத்திலிருந்து உள்ளறைக்கு இழுத்திருந்தால் வைஃபையே வேண்டியதில்லை. அந்தச் சுருளை நான்தான் அங்கே வைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. நான் கூடத்தில் ரௌட்டர் பக்கத்தில் நின்றேன். அதன் விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. வெளியிலிருந்து வரும் லைன் நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். என் தொழிலில் அதைவிடத் தெளிவான செய்தி கிடையாது. நான் அதைப் பார்த்தேன், படிக்கவில்லை.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் திரை தெரிந்தது. கால் மணி நேரத்தில் ஒரு முறை மங்கி, சுழி சுற்றி, திரும்பி வந்தது. சிறிது நேரத்தில் இன்னொரு முறை. மூன்றாவது முறை சுழி சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெனி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் திரையை விட்டுக் கண்ணை எடுக்க அனுமதியில்லை.

நான் மண்டியிட்டேன். ஒரு கையில் துணி, ஒரு கையில் மற்ற அடாப்டர். கேமராவுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து மேசைக்கு அடியில் போனேன். கணினிப் பெட்டியின் பின்பக்கம் கைவிட்டு அடாப்டரைப் பிடுங்கினேன். ஜெனியின் கால் என் கையைத் தள்ளியது. போங்கம்மா என்று சொன்ன கால் அது. பயத்தில் தள்ளுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். துடைத்தேன், வேறு துளையில் செருகினேன், பிடிக்கவில்லை, மற்றதைச் செருகினேன். எழும்போது முட்டி பிடித்துக்கொண்டது. மேசை விளிம்பைப் பற்றினேன்.

கேமராவில் அந்தக் கை விழுந்தது. அதே நேரம் இணைப்பும் வந்துவிட்டதால், அந்தப் படம் தேர்வு நடத்துகிறவர்களுக்கு உடனே போய்ச் சேர்ந்தும் விட்டது. திரையில் சிவப்பு எழுத்தில், தேர்வு நிறுத்தப்பட்டது என்று வந்தது.

ஜெனி திரும்பினாள். "யாரும்மா ஒங்களக் கூப்பிட்டா" என்றாள். சத்தமே இல்லை.

"உப்புடி. அடாப்டர் முனையில பூரா உப்பு."

அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகம் துடைக்கத் தயங்கும் அளவுக்கு அதில் அழுக்கே இல்லை. அதையும் நான் பார்த்தேன்.

அன்று மதியம் முருகேசனுக்குப் போன் செய்தேன். காலையில் எங்கள் பகுதியில் லைன் பழுது என்று ஒரு கடிதம் கொடு என்று கேட்டேன். அவன் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒங்க லைன் காலையில ஒரு நிமிசங்கூட விழலயே."

"விழுந்துச்சுன்னு எழுதிக் குடுடா. பிள்ளைக்குத்தான் கேக்குறேன்."

"நீங்கதானக்கா சொல்லிக்குடுத்தீங்க, துணி இல்லாம காரணம் எழுதக்கூடாதுன்னு. வீட்டுக்குள்ள பாருங்கக்கா, கம்ப்யூட்டர்ல இருக்கும்."

போனை வைத்த பிறகுதான் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். கணினியில் செருகியிருக்கும் பொருள்களின் பட்டியல் அது. மறைந்திருப்பவற்றையும் காட்டு என்று கொடுத்ததும் வரிசையாக வந்தன. ஒரே அடாப்டர் நான்கு பெயரில். நான் ஒவ்வொரு முறை துளை மாற்றியபோதும் கணினி அதைப் புதிய பொருள் என்று எண்ணிப் பதிந்துகொண்டிருக்கிறது. ஒன்றின் மேல் மஞ்சள் முக்கோணம். இரண்டு டிரைவர்களும் ஒரே வகைச் சில்லுக்கானவை. புதியது பழையதன் இடத்தில் ஏறியிருந்தது. பழைய அடாப்டரோடு வந்த இணைப்பு நிரலும் கணினி எழும்போதெல்லாம் கூடவே எழுந்து, வைஃபையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குறுக்கே வந்தது. ஒன்று இணைக்கும், மற்றது அறுக்கும். கம்பிச் சட்டத்தில் ஒரே இடத்தில் நான் செருகிய இரண்டு கம்பிகள்.

அந்த நேரம் கடலிலிருந்து வந்த என் கணவர், கால் கழுவிக்கொண்டே என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஒரு போட்டுல ரெண்டு டிரைவர் ஏத்திவிட்டுருக்க. அது எங்கிட்டுப் புள்ள கரை சேரும்" என்றார். பிறகு ஜெனியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கால் கழுவப் போனார்.

சரிசெய்ய அரை மணி நேரம் ஆகவில்லை. இரண்டு அடாப்டரையும் பிடுங்கி வைத்தேன். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும், டிரைவரையும் சேர்த்து அழி என்ற கட்டத்தில் குறியிட்டு நீக்கினேன். பழைய இணைப்பு நிரலையும் எடுத்தேன். எதுவும் செருகாமல் கணினியை அணைத்து எழுப்பினேன். புதிய அடாப்டருக்கான டிரைவரை மட்டும், அதைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து போன் வழியாக இறக்கி ஏற்றினேன். ஒரே ஒரு துளையில் செருகினேன். மாலைவரை ஒரு காணொளியை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறைகூட அறுபடவில்லை. ஜெனி அந்தப் பக்கம் வரவே இல்லை.

மூன்று நாள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து அவளிடம் விளக்கம் கேட்டுக் காணொளியில் அழைத்தார்கள். மறுமுனையில் மூன்று பேர். தேர்வின் நடுவே கருவிகள் பலமுறை மாற்றப்பட்டிருக்கின்றன, அறையில் இன்னொருவர் இருந்திருக்கிறார், யார் என்று கேட்டார்கள்.

"எங்க அம்மா. டெலிபோன்ல வேல பாத்தவங்க. நெட் கட்டானதால சரிபண்ண வந்தாங்க. பதில் எதுவும் சொல்லித்தரல" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர்களில் ஒரு பெண்மணிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "உங்க அம்மா வீட்ல இருக்காங்களாம்மா? அவங்களே ரெண்டு வார்த்தை சொல்லிட்டா எங்களுக்குப் போதும்" என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். கேமராவுக்கு நான் தெரியவில்லை. ஜெனிக்குத் தெரிந்தேன். காரணம் இப்போது எனக்கு முழுசாகத் தெரியும். ஆனால் அந்த மூன்று பேர் முன்னால், இத்தனை ஆண்டு இதே வேலை பார்த்த நான் பழையதை எடுக்காமல் புதியதை ஏற்றினேன், மேசைக்கு அடியில் தவழ்ந்தேன் என்று சொல்ல நா எழவில்லை. தலையை அசைத்தேன். வேண்டாம் என்று.

ஜெனி திரையைப் பார்த்தாள். "அம்மா வெளிய போயிருக்காங்க மேடம்."

"எப்ப வருவாங்க?"

"தெரியல மேடம்."

அடுத்த வாரம் கடிதம் வந்தது. விளக்கம் ஏற்கப்படவில்லை, இந்த ஆண்டு விண்ணப்பம் ரத்து, அடுத்த ஆண்டு முயலலாம். பிறகு நான் அவர்களுக்கு நடந்தது அனைத்தையும், கை வைத்த இடம் ஒவ்வொன்றையும் எழுதி அனுப்பினேன். கிடைத்தது, முடிவில் மாற்றமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர்கள் மேல் குறையில்லை. அதை எந்த நாளில் சொல்லியிருக்க வேண்டுமோ அந்த நாளில் நான் வீட்டில்தான் இருந்தேன்.

ஜெனி இப்போது காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் படகில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலைக்குப் போகிறாள். இந்த ஆண்டுத் தேர்வை நிவேதா வீட்டில் எழுதப் பதிவு செய்திருக்கிறாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் அப்பா சொன்னார்.

முருகேசனுக்கு அனுப்பும் முன்னால் இதை ஜெனியிடம் கொடுத்தேன். அவள் பெயர் வருகிறது, அவள் சம்மதிக்க வேண்டும். நின்றபடியே கடைசிவரை படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"தலையை அசைத்தேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"தலைய அசைக்கலம்மா. கையெடுத்துக் கும்பிட்டீங்க."

திருத்திவிடவா என்று கேட்டேன். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், கீழே இதையும் எழுதுங்கள் என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. கும்பிட்டேன்.